வாய் சொன்ன தரம்

ஆம்பூர்
12-1-2025, ஞாயிறு

ஜெஸிக்கு,

கவுஸ் பாஷா எழுதுவது. கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று பேரணாம்பட்டுப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். நாலு தாளில் எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் ஒன்றுதான். உன் அப்பா மோசஸ், நான் அவரை ஆபீஸில் காட்டிக் கொடுத்துவிட்டதாக நம்புகிறார். நான் கொடுக்கவில்லை என்பதை அவர் நம்பும்படி சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும். நீ சொல்லாமல் இருக்கிறாய்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எதையும் விடாமல் எழுதினால்தான் யார் தப்பு எங்கே தொடங்கியது என்று எனக்கே பிடிபடும். உன் பேராசிரியரிடம் காட்டினாலும் அவருக்கும் புரிய வேண்டும்.

என் வேலை தோலைத் தரம் பிரிப்பது. கம்பெனியில் செலக்டர் என்பார்கள். வடக்கு ஜன்னல் ஓரமாக மேசை. அந்த வெளிச்சத்தில்தான் பழுது ஒளியாது. ஆட்டுத்தோல் ஒவ்வொன்றாக வரும். கண்ணால் ஒரு பார்வை, கையால் ஒரு தடவல், வாயால் ஒரு நம்பர். ஒன்றிலிருந்து ஆறு வரை, ஒன்று உசத்தி, ஆறு கடைசி. எங்கள் மேசையில் ஏக், தோ, தீன் என்று உருதுவில் சொல்வதுதான் பழக்கம். எதிரே நிற்கிற அப்துல் கஃபார் அந்த நம்பரைத் தோலின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதுவார். வாயிலிருந்து வந்த நம்பரை மாற்றக் கூடாது. பெரிய முதலாளியே வந்து நின்றாலும் கூடாது. முப்பத்தோரு வருஷமாக இப்படித்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு கட்டோடும் ஒரு அட்டை வரும். அந்தத் தோல் எந்தெந்த மெஷினில் ஏறி இறங்கியது என்று அதில் இருக்கும். தரம் சொல்லி முடிகிறவரை அட்டையைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். யார் வேலை என்று தெரிந்தால் வாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா, அதற்காக.

அட்டையைக் கவிழ்க்கலாம், கையைக் கவிழ்க்க முடியாது. உன் அப்பா மூன்றாம் நம்பர் ஷேவிங் மெஷினில் இருபத்தாறு வருஷம் நின்றவர். தோலின் பின்பக்கத்தைச் சுற்றுகிற கத்தி உருளையில் கொடுத்து, ஒரே கனத்துக்குச் சீவி எடுக்கிற வேலை. அவர் சீவின தோலைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்குத் தெரியும். வயிற்றுப் பக்கம் ஒரு நூல் கூடுதலாக விடுவார். அங்கே தோல் மெல்லிசு, கிழியக் கூடாது என்று.

போன வருஷம் பொங்கல் கழிந்து அவருடைய கட்டுகளில் கழுத்துப் பக்கம் சின்னச் சின்னக் குழி வர ஆரம்பித்தது. முதலில் கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் டீக்கடையில் பார்த்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அப்படியும் சட்டையில் சிந்தியது. “சூடு ஜாஸ்தி பாய்” என்றார். நான் ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து அவருடைய குழி விழுந்த தோலுக்குத் தீன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தோ என்று சொன்னேன். ஒரு கட்டுக்கு ஒன்றிரண்டு தோல் அப்படி வரும். பார்த்தேன், வாய் திறந்து சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சாயந்திரம் கடைசிக் கட்டு முடிந்ததும் எங்கள் ரூம் வாசலில் வந்து நிற்பார். நான் சரி என்று தலையை ஆட்டுவேன். போய்விடுவார். எங்கள் இரண்டு பேர் நடுவில் இதைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது கிடையாது.

இது கம்பெனிக்கு நான் செய்த துரோகம். மறைத்து எழுதவில்லை. அவருக்கு ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. மெஷினிலிருந்து இறக்கினால் மனுஷன் ஒடிந்து போவார் என்று நினைத்தேன்.

இனி உன் விஷயம்.

ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். காட்பாடிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி. செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று தெரியாது. வந்து உட்கார்ந்ததும் சொன்னாய்:

“பாய் அங்கிள், உங்க தலை எனக்கு ஒரு மாசம் வேணும்.”

என் வீட்டுக்காரி மஹ்பூபி உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள். “தலையோட வாயையும் சேத்து எடுத்துட்டுப் போம்மா. வீட்ல பேஜார் கம்மியாவும்.”

எல்லோரும் சிரித்தோம். பிறகு நீ விவரம் சொன்னாய். கம்ப்யூட்டருக்குக் கேமரா வழியாகத் தோலைப் பார்த்துத் தரம் சொல்லக் கற்றுக் கொடுக்கிறீர்கள். அந்தச் செயற்கை மூளை பார்க்கிற விதமும் மனுஷ மூளை பார்க்கிற விதமும் எங்கே ஒத்துப் போகிறது, எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உன் ஆராய்ச்சி. அதற்குத் தலையில் ஒயர் வைத்த தொப்பி மாட்டிக்கொண்டு நான் வழக்கம்போல் தரம் சொன்னால் போதும்.

“தலைக்கு வெளியில ஒயர் வெச்சா உள்ள நான் பாக்கறது எப்பிடிம்மா தெரியும்?” என்று கேட்டேன்.

“பழுது ஒண்ணு கண்ல பட்டுச்சுன்னா அரை செகண்டு ஆவறதுக்குள்ள மூளையில ஒரு அலை எழும்பும் அங்கிள். மேல வெச்ச ஒயர்ல அது லேசாத் தெரியும். நீங்க வேணாம்னு நெனச்சாலும் அதை அடக்கறது கஷ்டம்.”

வேணாம்னு நினைச்சாலும். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏன் உறைக்கவில்லை என்று இந்த இரண்டு மாசமாக யோசித்ததில் ஒரு காரணம்தான் கிடைக்கிறது. எங்கள் மேசையில் வாயிலிருந்து வந்தால்தான் தரம். வராத வரைக்கும் அந்தத் தோலுக்கு ஒன்றும் இல்லை. சாக்பீஸ் காத்துக்கொண்டு நிற்கும். முப்பத்தோரு வருஷம் அந்த மேசையில் நின்றவனுக்கு, நான் சொல்லாத ஒன்றை எதுவோ ஒன்று எழுதிக்கொள்ளும் என்று புத்தியில் ஏறவே இல்லை. தொப்பியும் இன்னொரு அப்துல் கஃபார் என்று நினைத்துவிட்டேன்.

சம்மதப் படிவம் கொடுத்தாய். தமிழில் நாலு பக்கம். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் பக்கத்தில், தோலும் இடமும் கொடுக்கிற கம்பெனிக்கு மொத்த முடிவு மட்டும்தான் போகும், தனி ஆளுடைய விவரம் எந்தக் காரணத்துக்காகவும் போகாது என்று இருந்தது. நாலாம் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தை நீயே வாய்விட்டுப் படித்தும் காட்டினாய். அந்தக் குரலை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். அச்சடித்த எழுத்தை நம்பி இல்லை.

செப்டம்பர் 2ஆம் தேதி தொடங்கி இருபத்து நாலு நாள் என் மேசையிலேயே வேலை நடந்தது. தொப்பிக்குள் ஒவ்வொரு துளையிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் பசை விடுவாய். தலை முழுக்கக் கொழகொழ என்று ஆகிவிடும். மதியம் ளுஹர் தொழுகைக்கு ஒளு செய்ய, கை முகம் தலை நனைக்கப் போனால் பசைக்கு மேலேதான் தண்ணீர் நிற்கும். தினமும் ஷாம்பு போட்டுத் தலை குளித்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போனேன். “கல்யாண மாப்ளைகூட இவ்ளோ தடவ குளிச்சதில்ல” என்று மஹ்பூபி சொன்னாள். நான் பாக்கு மென்றால் நீ திரையைக் காட்டித் திட்டுவாய்.

“அங்கிள், தாடையை அசைக்காதீங்க. பாருங்க, அலை மேல மாட்டு வண்டி ஓட்ன மாதிரி இருக்கு.”

நாலு என்பதற்கு நான் சார் என்று சொல்லும்போதெல்லாம், “யாரை சார்னு கூப்பிடறாருன்னு கம்ப்யூட்டர் திரும்பிப் பாக்குது அங்கிள்” என்பாய். அப்துல் கஃபார் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார். சந்தோஷமான நாட்கள்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பதினாலாம் நாள். ஒரு கட்டு முடிந்தது. நீ அட்டையைத் திருப்பிப் பார்த்தாய்.

“எஸ் மூணுன்னா இன்னா அங்கிள்?”

“ஷேவிங் மூணு. தெரியாதா? உங்கப்பா மெஷின்தான்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நீ திரையில் எதையோ பின்னால் ஓட்டிப் பார்த்தாய். மறுபடி அட்டையைப் பார்த்தாய். தலை வலிக்கிறது, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றாய். பாவம், இரவெல்லாம் படிக்கிற பிள்ளை என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து மூன்றாம் நம்பர் கட்டுகள் என் மேசைக்கு அதிகமாக வந்தன. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு வந்த இடத்தில் ஐந்து. ஸ்டோரில் ஏதோ மாற்றம் என்று இருந்துவிட்டேன். போன வாரம்தான் ஸ்டோர் நோட்டைப் பார்த்தேன். செப்டம்பர் மாசப் பக்கத்தில் உன் கையெழுத்து. “ஆய்வுக்காக எஸ்-3 கட்டுகள் தேவை.” பத்து நாளும் உன் கையெழுத்து.

ஆக, என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டே என்னைச் சோதித்திருக்கிறாய். சிரிப்பும் மாட்டு வண்டிப் பேச்சும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

நவம்பர் 18ஆம் தேதி சின்ன முதலாளி தவ்ஃபீக் என்னை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்க சாச்சா” என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். மூன்று வரிசை நம்பர். “இது கேமரா சொன்ன தரம். இது உங்க மூளை சொன்ன தரம். ரெண்டும் எப்பிடி ஒண்ணாப் போவுது பாருங்க. இது உங்க வாய் சொன்னது. மத்த கட்டுல எல்லாம் மூணும் ஒண்ணாத்தான் போவுது. மூணாம் நம்பர் கட்டு வந்தா மட்டும் வாய் தனியா ஓடுது.”

நான் நம்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3, 3, 2. 4, 4, 2. 3, 3, 2. யாரோ என் வீட்டுக்குள் நான் தூங்கும்போது வந்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

“பயப்படாதீங்க. உங்கள ஒண்ணும் பண்ணப் போறதில்ல. உங்க மூளை ஏ ஒன். வாய்க்குத்தான் கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கணும்” என்று சிரித்தார்.

“இத யாரு குடுத்தது தவ்ஃபீக் பாய்?”

“ஜெஸி மேடம்தான். அவங்களே மெயில் பண்ணாங்க.”

மெயிலைத் திறந்து காட்டினார். தமிழில்தான் எழுதியிருந்தாய். எஸ்-3 மெஷின் ஆபரேட்டருக்குக் கை நடுக்கம் இருக்கலாம், உடனே மெஷினிலிருந்து இறக்கி மருத்துவப் பரிசோதனை செய்வது நல்லது, ஆதாரம் இணைப்பில். எஸ்-3 மெஷின் ஆபரேட்டர். உன் அப்பாவுக்கு அந்த மெயிலில் வேறு பேர் இல்லை. இணைப்பில் எனக்கும் பேர் இல்லை. ‘செலக்டர் 1’ என்று இருந்தது. எங்கள் கம்பெனியில் செலக்டர் இருப்பதே ஒருத்தன்தான்.

மறுநாள் காலையில் உன் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கள் ரூம் வழியாகத்தான் கேட்டுக்குப் போனார். நான் வாசலுக்கு வந்தேன். அவர் நிற்கவில்லை. பிறகு வேலூரில் டாக்டரைப் பார்த்து நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

24ஆம் தேதி ஞாயிறு, நீங்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியிருப்பீர்கள் என்று நேரம் பார்த்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் அப்பா நாற்காலியில் இருந்தார். வலது கையை இடது கையால் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். உன் அம்மா ஜெயபுஷ்பம் டியூட்டிக்குப் போகக் கிளம்பி நின்றார்கள். நீ சமையல் ரூம் வாசலில் நின்றாய்.

“வா பாய். தரம் பாக்க வந்தியா?” என்றார். “நல்லாப் பாரு. ஆறா, ரிஜெக்டா?”

“மோசஸ், நான் சொல்லல.”

“நீ சொல்லல. அப்ப யாரு?”

“தலையில தொப்பி மாட்னாங்க இல்ல, அதுல…”

“தொப்பி சொல்லிச்சா?”

“பழுதப் பாத்தா மூளையில தானா ஒரு அலை வருமாம். நான் வாயத் தொறக்கவே இல்ல. அலைய எடுத்துட்டாங்க.”

உன் அப்பா உன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

“கேட்டியா புஷ்பம்? பாய் வாயே தொறக்கலையாம். இவரு இங்க தோலப் பாத்துட்டு நின்னாராம், மூளை எழுந்து ஆபீசுக்கு நடந்து போய் எழுதிக் குடுத்துட்டு வந்துச்சாம்.”

“விடுங்க. வீடு தேடி வந்தவர” என்றார்கள் உன் அம்மா.

“நீ சும்மா இரு. இருபத்தாறு வருஷ தோஸ்த்து. ஒரு நல்ல பொய்யாவது யோசிச்சுட்டு வரக் கூடாதா? சின்ன மொதலாளி என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு பாய். ‘கவுஸ் சாச்சாகிட்டருந்துதான் தெரிஞ்சுது, அவரு மாசக் கணக்கா பாத்துட்டுதான் இருந்தாரு’ன்னு. இன்னா, அவரும் பொய்யா?”

தவ்ஃபீக் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என்னிடமிருந்துதான் தெரிந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெயில் அனுப்பியது உன் மகள் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மகளைப் பற்றி அப்பனிடம் கோள் சொல்வதா என்று விழுங்கிவிட்டு உன்னைப் பார்த்தேன். உன் அப்பாவும் திரும்பி உன்னைப் பார்த்தார்.

“ஜெஸி, நீ சொல்லும்மா” என்றார். “உன் படிப்புதான இது. ஆளு சொல்லாதத அந்தத் தொப்பி எடுக்குமா, எடுக்காதா?”

இவ்வளவு நேர் கேள்வியை உன் பரீட்சையில்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எடுக்கும் என்று ஒரு வார்த்தை. யார் மெயில் அனுப்பியது என்றுகூட அவர் கேட்கவில்லை. எடுக்குமா, எடுக்காதா என்றுதான் கேட்டார்.

“மாத்திர போட்ற நேரம் ஆச்சுப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

உன் அப்பா என்னைப் பார்த்தார். “பாத்தியா?” என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் நீ வாட்ஸப்பில் அனுப்பியது என் போனில் இருக்கிறது. “ஸாரி அங்கிள். அப்பா கை மெஷின்ல போய்டுமோன்னு பயந்துட்டேன். நான்தான்னு தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார். ப்ளீஸ்.”

உன் பயம் நியாயம். அந்தக் கத்தி உருளையில் கை போனால் என்ன மிஞ்சும் என்று என்னைவிட உனக்குத் தெரியாது. நான் தலையாட்டின ஒவ்வொரு நாளும் அவருடைய கையை அந்த உருளைக்கு எதிரே இன்னொரு நாள் வைத்தேன். அது என் பாவம். அதற்காக நீ என்னை எதிரே நிற்கவைத்துத் திட்டியிருந்தால் தலை குனிந்து கேட்டிருப்பேன். “அங்கிள், எல்லாம் தெரிஞ்சுபோச்சு, அப்பாவ எறக்குங்க” என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் மறுநாளே நானே மோசஸிடம் போயிருப்பேன். சட்டையைப் பிடித்திருப்பார். பிடிக்கட்டும். செய்தவன் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீ அப்படிச் செய்யவில்லை. மூன்றாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டின நீயே அந்தப் பக்கத்தை மிதித்துக்கொண்டு போனாய். போனதற்குப் பிறகும், அவருக்கு வலிக்காமல் இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னை அங்கே நிறுத்திவிட்டாய். நீ செய்தாய் என்றால் தாங்க மாட்டார். நான் செய்தேன் என்றால் தாங்குவாரா? இருபத்தாறு வருஷத்துக்கு அவ்வளவுதான் கனம் என்று நீயே தரம் போட்டுவிட்டாயா?

கம்பெனியில் இப்போது என் மேசைக்கு மேலே கேமரா தொங்குகிறது. நான் தோ என்றால் அப்துல் கஃபார் என் வாயைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுக்கிறார். அதைக்கூடப் பெரிதாக எழுதவில்லை. டீக்கடையில் இரண்டாம் நம்பர் மெஷின் முக்தார் அகமது என்னைக் கண்டதும், “டேய், கவுஸ் பாய் வர்றாரு, யாரும் எதையும் நெனைக்காதீங்க, ஆபீசுக்குப் போய்டும்” என்கிறான். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரவில்லை. மஹ்பூபி வழக்கம்போல் வரும் என்று மதியத்துக்கு மட்டும் அரிசி குறைவாகப் போட்டுவிட்டு, பிறகு மறுபடி உலை வைத்தாள்.

இனி கடைசி விஷயம்.

இந்த மாசம் 6ஆம் தேதி லீவு போட்டுவிட்டு காட்பாடிக்கு வந்தேன். உன்னைப் பார்க்க இல்லை. நாலாம் பக்கத்தில் இருக்கிற உரிமைப்படி விலகிக்கொள்ள வந்தேன். ஆய்வு அலுவலகத்தில் சஹர் என்ற பெண் மரியாதையாக உட்காரவைத்துப் படிவம் கொடுத்தார். பேர், விலாசம் எழுதிவிட்டு ஒரு சந்தேகம் கேட்டேன்.

“கையெழுத்துப் போட்டா இன்னா ஆவும்மா?”

“உங்களோடது எல்லாத்தையும் அழிச்சிடுவோம் சார். அலை, குரல், தரப் பட்டியல், எல்லாம்.”

“நான் வாயால சொன்னதுமா?”

“எல்லாமே சார். கம்பெனிக்குப் போன காப்பியையும் அழிக்கச் சொல்லி எழுதுவோம். நீங்க இதுல இருந்ததுக்கே அடையாளம் இருக்காது. ஜெஸியோட ஆராய்ச்சியில ஒரு அத்தியாயம் போகும். அத நீங்க யோசிக்க வேணாம், இது உங்க உரிமை.”

அத்தியாயம் போவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. வேறு ஒன்று யோசித்தேன். தவ்ஃபீக் காட்டின மூன்று வரிசையில் மூன்றாவது வரிசை என் வாய். குழி விழுந்த தோல் நூற்று முப்பத்தேழு. நூற்று முப்பத்தேழு தடவையும் தோ. மூளை காட்டிக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் பக்கத்திலேயே வாய் மறுத்திருக்கிறது. தேதியோடு, நேரத்தோடு, என் குரலோடு. நான் மோசஸைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் என்னிடமிருந்து திருடின அந்தத் தாள்தான். கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும். போடாவிட்டால் என் தலையில் இருந்தது அவர்களிடமே இருக்கும்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

ஆறு நாள் யோசித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன். 27ஆம் தேதி திங்கட்கிழமை மறுபடி காட்பாடி வருவேன். கையெழுத்துப் போடுவேன். என்ன நடந்தாலும் போடுவேன், அதில் மாற்றம் இல்லை. என் தலையில் இருந்ததை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

அதற்கு முன் உனக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைக் காட்டு. முதல் வரிசை கேமரா, இரண்டாவது மூளை, மூன்றாவது பாய் வாயால் சொன்னது என்று விரல் வைத்துக் காட்டு. என் குரல் பதிவு இருக்கிறதே, அதைப் போட்டுக் கேட்கவிடு. நம்பர் புரியாவிட்டாலும் குரல் புரியும். அந்தத் தோல்களை அவரே சீவியிருக்கிறார், எது எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

மெயில் அனுப்பியது யார் என்று சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். இஷ்டம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஒருத்தனை அந்த இடத்தில் நிறுத்துவாய்.

இந்தக் கடிதத்தையே உன் அப்பாவுக்கு அனுப்பச் சொல்லி மஹ்பூபி மூன்று நாளாகச் சண்டை. நான் அனுப்பவில்லை, பிரதியும் எடுக்கவில்லை. நான் எழுதினால் அவர் இன்னொரு பொய் என்றுதான் சொல்வார். நீ சொன்னால் நம்புவார். நம்பிவிட்டு உன்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் இன்றோடு நாற்பத்தொன்பது நாள் எண்ணியிருக்கிறேன்.

அவர் என்னிடம் வந்து பேச வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. தெரிந்தால் போதும்.

அலுவலகம் பத்தரைக்குத் திறக்கிறார்கள் என்று சஹர் சொன்னார். நான் பதினொரு மணிக்கு அங்கே இருப்பேன். அன்று வெராண்டாவில் உன்னைப் பார்த்தால் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டிய ஆள் ஆம்பூரில் இருக்கிறார்.

இப்படிக்கு,
கவுஸ் பாஷா